கடைசிக் கட்டம்

“கடைசி நம்பருக்கு எதுக்கு மேடம் ராண்டம்? அது ஒண்ணுதானே மிச்சம் இருக்கு?” என்று கேட்ட பெண்ணின் முகம் எனக்கு மறந்துவிட்டது. கேள்வி மறக்கவில்லை. ஆய்வகத்தின் ஏசி இரைச்சல், வாசலில் கழற்றிவிட்ட முப்பது ஜோடிச் செருப்பு, தேய்ந்து எழுத்து அழிந்துபோன விசைகள், மழையில் நனைந்து வந்த நோட்டுகளின் வாடை எல்லாம் அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கின்றன. கணக்கு எளிமையானதுதான். ஐந்துக்கு ஐந்து அணி ஒன்றை 1 முதல் 25 வரையிலான எண்களால் நிரப்ப வேண்டும். எண்கள் வரிசையாக இருக்கக் கூடாது, எந்த எண்ணும் இரண்டு முறை வரக் கூடாது. சி மொழியில் இருபது வரி, முப்பது வரிக்குள் அடங்கிவிடும். அவள் முடித்தும் இருந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “ராண்டம்னா ராண்டம்தான்மா, எல்லா நம்பருக்கும் ஒரே விதிதான்” என்றேன். “சரி மேடம்” என்று போய்விட்டாள். பதில் புரியாமல் சொல்லும் சரி ஒன்று உண்டு, பதில் சொன்னவருக்கே புரியவில்லை என்று தெரிந்துகொண்டு சொல்லும் சரி இன்னொன்று உண்டு. அது இரண்டாவது வகை. ஆய்வக வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ, அரிசியில் கல் பொறுக்கும்போதோ அந்த இருபத்தைந்தாவது கட்டம் மட்டும் காலியாக வந்து நிற்கும்.

கணிப்பொறியைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த அணியை நான் நிரப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நிரப்பியிருப்பார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அளவுகோல் வைக்காமல் இழுத்த கோடுகளுக்கு நடுவே இருபத்தைந்து கட்டம். பிங்கோ. அந்தக் கட்டங்களைக் கை எப்படி நிரப்பியது என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1-ஐ ஏதோ ஓர் ஓரத்தில் ஒளித்துவைப்போம். 2 அதற்கு எதிர்மூலைக்குப் போகும். 3 நடுவில் எங்கோ. எண்கள் ஒழுங்காக ஒன்று இரண்டு மூன்று என்றுதான் வரும், இடம்தான் குதித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே எண்ணை இரண்டு முறை எழுதிவிடுவோமோ என்ற பயமே அங்கே கிடையாது. காலியான கட்டம் கண்ணுக்குத் தெரியும், எழுதிவிட்ட எண்ணைத்தான் தேட வேண்டியிருக்கும். எட்டு வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கணக்கைத் திருப்பிப் போட்டுச் சுலபமாக்கியிருந்தோம். ஆனால் அந்தக் கையும் நேர்மையான கை இல்லை. 2-ஐ 1-க்குப் பக்கத்தில் அது எழுதவே எழுதாது. பக்கத்தில் இருந்தால் கலைந்த மாதிரி தெரியாதே. உண்மையாகவே குலுக்கிப் போட்ட ஐந்துக்கு ஐந்து பலகையில் 1-ம் 2-ம் மேலும் கீழுமாகவோ இடம் வலமாகவோ ஒட்டி நிற்பதற்குப் பதினைந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பலகை முழுக்கப் பார்த்தால் அப்படிச் சராசரியாக மூன்று ஜோடி எண்கள் தோள் உரசிக்கொண்டு நிற்கும். எங்கள் நோட்டில் ஒரு ஜோடி கூட இருக்காது. கலைந்திருப்பது வேறு, கலைந்த மாதிரி இருப்பது வேறு. நாங்கள் இரண்டாவதில் கெட்டிக்காரர்கள்.

சி மொழியில் ‘ராண்ட்’ என்று ஒரு சார்பு உண்டு. கூப்பிட்டால் ஓர் எண்ணைத் தரும். அதை 25-ஆல் வகுத்து மீதியை எடுத்து ஒன்றைக் கூட்டினால் 1-க்கும் 25-க்கும் நடுவில் ஏதோ ஒன்று கிடைக்கும். எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று சொல்ல ‘எஸ்ராண்ட்’ என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் எண்ணுக்கு விதை என்று பெயர். விதை போடாவிட்டால் 1-ஐ விதையாகப் போட்டது போல நடந்துகொள்ள வேண்டும் என்பது சி மொழியின் சட்டம். முதலாண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் விதை போட மறப்பார்கள். ஒரு தேர்வில் அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். லினக்ஸ் இயந்திரங்கள். விதையில்லாத ராண்ட் அங்கே முதலில் தருவது 1,80,42,89,383. அதை 25-ஆல் வகுத்தால் மீதி 8, ஒன்று கூட்டினால் 9. அடுத்தது 12, அடுத்தது 3. முப்பது திரைகளிலும் முதல் நிரை 9, 12, 3, 16, 19. இரண்டாம் நிரை 11, 18, 25, 22, 13. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இரண்டு வரிசை நடந்து பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, “எல்லாம் ஒருத்தனப் பாத்து அடிச்சிருக்கானுங்க மேடம்” என்றார். இல்லை சார், விதை போடவில்லை என்று விளக்கினேன். விளக்கி முடித்தபோது அவர் முகத்தில் திருட்டைப் பிடித்த சந்தோஷம் போய் வேறு ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே முப்பது பேர் ஒரே ‘தற்செயலை’ எழுதியிருக்கிறார்கள் என்பது, பார்த்து எழுதியதைவிட அவரைத் தொந்தரவு செய்தது என்று நினைக்கிறேன். என்னையும்தான்.

அந்த வரிசையில் ஏழாவது எண் மறுபடியும் 12. உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதல் முப்பது எண்களில் 18 மட்டுமே புதியவை. 12 நான்கு முறை வருகிறது. அதில் இருபதாவதும் இருபத்தொன்றாவதும் அடுத்தடுத்து 12, 12. இந்த முப்பதில் 1 ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. ராண்டம் என்பதற்கு நம் ஊர்ப் பாடநூல்கள் சமவாய்ப்பு என்று பெயர் வைத்திருக்கின்றன. இலங்கையில் எழுமாறு என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே பொருளுக்கு இரண்டு மனநிலை இருப்பது தெரியும். எழுமாறு என்றால் எழுகிறபடி எழட்டும், நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம் என்று ஓர் ஒதுக்கம். சமவாய்ப்பு என்ற சொல்லுக்குள் ஒரு நீதிமன்றமே இருக்கிறது. யாருக்கும் கூடக் குறைய இல்லை என்று அது வாக்குக் கொடுக்கிறது. ஆனால் சமமான வாய்ப்பு என்பதற்கு, 12 ஒருமுறை வந்துவிட்டதே என்று அடுத்த தடவை அதை ஒதுக்கிவைக்கக் கூடாது என்பதும் அர்த்தம். ஞாபகம் இல்லாமல் இருப்பதுதான் அதன் நேர்மை. ‘திரும்ப வரக் கூடாது’ என்று நாம் சொன்ன கணத்திலேயே அதற்கு ஒரு ஞாபகத்தைக் கட்டிவிடுகிறோம். பிறகும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறோம். அந்தப் பெண் கேட்டது இந்த இடத்தைத் தொட்டுத்தான் என்று இப்போது படுகிறது.

பிள்ளைகள் பெரும்பாலும் எழுதும் வழி விசாரணை வழி. ஓர் எண்ணை எடு, முன்பே எழுதிய கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார், அதில் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடு. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவரையே மறுபடி இலை முன்னால் உட்காரவைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை மாதிரி. முதல் பந்திக்குத் தொல்லையே இல்லை. நேரம் ஆக ஆக, கதவருகே வருகிறவர்களெல்லாம் சாப்பிட்டு முடித்தவர்களாகவே இருப்பார்கள். முதல் கட்டத்துக்கு ஒரே வீச்சு போதும். பதின்மூன்றாவதுக்கு ஏறக்குறைய இரண்டு. இருபத்துநான்காவதுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை. கடைசிக் கட்டத்துக்கு இருபத்தைந்து. மொத்தம் சராசரியாக 95 வீச்சு, அதில் கிட்டத்தட்டப் பாதி கடைசி மூன்று கட்டங்களுக்கே போய்விடுகிறது. இயந்திரத்தின் வேகத்தில் இதெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் யாருக்கும் உறைப்பதில்லை. ஒரே ஒருமுறை அதை மெதுவாகப் பார்க்கக் கிடைத்தது. ஒரு பையன் எஸ்ராண்டைச் சுழற்சிக்கு வெளியே போடாமல் உள்ளே போட்டிருந்தான். விதை அந்த நேரத்து நொடி. ஒரு நொடிக்குள் எத்தனை தடவை விதைத்தாலும் முளைப்பது அதே எண்தான். அதை விசாரணை தள்ளிவிடும், மறுபடி அதே எண் வரும், மறுபடி தள்ளும். கடிகாரத்தில் நொடி நகர்ந்தால்தான் புது எண். நிரம்ப நிரம்பக் காட்டும்படி எழுதியிருந்தான். இரவில் குழாய் சொட்டுவது போல எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்துகொண்டிருந்தன. இருபத்துநான்கு விழுந்த பிறகு நின்றுவிட்டது. விட்டுப்போனது 17 என்று நானும் அவனும் கண்ணாலேயே எண்ணிக் கண்டுபிடித்துவிட்டோம். இயந்திரம் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. “பதினேழுதான மேடம், போட்டுட்டுப் போக வேண்டியதுதான?” என்றான் அவன். அரை நிமிஷத்துக்கு மேல் இருவரும் நின்றோம். பக்கத்துத் திரையில் இன்னொருவன் 25-க்குப் பதில் 20 என்று அடித்துவிட்டு, இருபது எண்ணை வைத்து இருபத்தைந்து கட்டத்தை நிரப்பச் சொல்லியிருந்தான். அந்த இயந்திரம் முடியாது என்று சொல்லவில்லை. விசிறி உறும, வராத விருந்தாளிக்காக இலை போட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

மற்ற வழி குலுக்கல் வழி. யாரையும் விசாரிக்க வேண்டாம். 1 முதல் 25 வரை எல்லோரையும் முதலிலேயே வரிசையில் நிறுத்திவிடு. கடைசி இடத்திலிருந்து தொடங்கு. அந்த இடத்தில் நிற்பவரை, அவரையும் சேர்த்து இதுவரை தொடாதவர்களில் ஒருவரோடு இடம் மாற்று. அடுத்த இடத்துக்கு வா. இருபத்துநான்கே வீச்சில் வேலை முடிந்துவிடும், ஒன்றும் வீணாகாது. பிறகு அந்த நீண்ட வரிசையை ஐந்தைந்தாக மடித்தால் அணி. 1938இல் ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் உயிரியல், வேளாண்மை, மருத்துவ ஆய்வுகளுக்காக வெளியிட்ட புள்ளியியல் அட்டவணைப் புத்தகத்தில் இதன் மூல வடிவம் இருக்கிறது. காகிதத்தில் எண்களை எழுதிக்கொண்டு பென்சிலால் அடித்துக்கொண்டே போகிற முறை. கணிப்பொறிக்கு ஏற்ற இடமாற்ற வடிவத்தை 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் எழுதினார். ஃபிஷரும் யேட்ஸும் அடுத்தடுத்து வேலை பார்த்தது இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில். அவர்களுடைய அணி திரையில் இல்லை, வயலில் இருந்தது. ஒரு பக்கம் சரிவு, ஒரு மூலையில் நீர் தேங்கும், வேலியோரம் நிழல். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று மனிதன் தேர்ந்தெடுத்தால், அவனுக்கே தெரியாமல் பிடித்த உரத்துக்கு நல்ல மண் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் மண்ணைச் சமமாக்க முடியாதவர்கள் வாய்ப்பைச் சமமாக்கினார்கள். விதை என்ற சொல்லை இதன் பிறகு என்னால் வெறும் கலைச்சொல்லாகக் கேட்க முடிந்ததில்லை.

இரண்டு வழியில் குலுக்கல் வழிதான் சிறந்தது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘இதுவரை தொடாதவர்களில் ஒருவர்’ என்பதை மறந்து, ஒவ்வொரு முறையும் எல்லோரிலும் ஒருவரோடு மாற்றிவிடுவார்கள். பார்த்தால் இன்னும் நன்றாகக் குலுக்கியது போலத்தான் இருக்கும். மூன்றே எண்ணை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று தேர்வு, ஆக 27 பாதைகள். மூன்று எண்ணை அடுக்கும் விதமோ ஆறுதான். இருபத்தேழு இட்லியை ஆறு பேருக்குப் பிய்க்காமல் சமமாக வைக்க முடியாது. மூன்று பேருக்கு ஐந்து, மூன்று பேருக்கு நான்கு. இதில் என்னை உறுத்துவது பிழை அல்ல, பிழை தெரியாமல் இருப்பது. ஓர் எண் இரண்டு முறை வந்துவிட்டால் யாரும் விரலை வைத்துக் காட்டிவிடலாம். வாய்ப்பு சமமாக இல்லை என்பதை எந்த ஒற்றைப் பலகையிலும் காட்ட முடியாது. 1969 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 தேதிகள், 366 நீலப் பிளாஸ்டிக் குமிழ்கள், ஒரு கண்ணாடிச் சாடி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு முதல் அழைப்பு. எந்தத் தேதியும் இரண்டு முறை வரவில்லை, எந்தத் தேதியும் விட்டுப்போகவில்லை. என் ஆய்வகத்தில் என்றால் முழு மதிப்பெண். ஆனால் குமிழ்களை மாதவாரியாகப் பெட்டியில் போட்டவர்கள் சரியாகக் கலக்கவில்லை. அழைப்பு வரிசை எண்ணின் சராசரி 183-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஜனவரித் தேதிகளுக்கு 201, டிசம்பர்த் தேதிகளுக்கு 121. டிசம்பரில் பிறந்த பிள்ளைகள் மேலாகக் கிடந்தார்கள், கைக்கு முதலில் அகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, முன்கூட்டியே சமவாய்ப்பாக அடுக்கித் தயாரித்த வரிசைகளைக் கொண்டு இரண்டு உருளைகளில் குலுக்கினார்கள். முதல் ஆண்டுக் குலுக்கல் செல்லாது என்று மட்டும் ஆகவில்லை.

கைதான் சரியாகக் கலக்காது, இயந்திரம் கலக்கும் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. எஸ்ராண்ட் வாங்கிக்கொள்ளும் விதை வழக்கமாக 32 பிட். அதாவது ஏறக்குறைய 429 கோடி விதைகள். ஒரு விதைக்கு ஒரு பலகை. மூன்றுக்கு மூன்று அணியை 3,62,880 விதமாக நிரப்பலாம், அதற்கு இது தாராளம். நான்குக்கு நான்கு ஆனால் விதங்கள் 20 லட்சம் கோடியைத் தாண்டுகின்றன. விதைகள் அத்தனையும் தீர்ந்தாலும் ஏறக்குறைய 4,870 பலகைகளில் ஒன்றைத்தான் அந்த நிரல் எட்ட முடியும். மற்றவை இருக்கின்றன, எழுதிக் காட்டலாம், குலுக்கலில் மட்டும் ஒருநாளும் வரமாட்டா. ஐந்துக்கு ஐந்தில் விதங்களின் எண்ணிக்கை 26 இலக்கம். பெரிய பெருமாள் கோயிலுக்குள் ஓர் ஊசித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல. நொடியை விதையாக்கினால் துவாரம் இன்னும் சுருங்கும். இன்றைக்கு ஓட்டியது என்று தெரிந்தால் போதும், 86,400 பலகைகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சமவாய்ப்பு என்று நாம் மதிக்கும் பொருள், பெரும்பாலும் நாம் பார்க்காத ஒரு சிறு முடிவு: அந்தப் பெண் எந்த நொடியில் விசையைத் தட்டினாள் என்பது.

அம்மா சீட்டு பிடித்தவள். ஏலம் கிடையாது, குலுக்குச் சீட்டு. தெருவில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மாதம், மாதம் ஆளுக்கு நூறு ரூபாய். முதல் மாதம் பிடிப்பவளுக்கு, அது ஊர் வழக்கம். இரண்டாம் மாதத்திலிருந்து குலுக்கல். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர் எழுதி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி நான்காக மடித்து, எவர்சில்வர் சொம்பில் போட்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக் குலுக்குவாள். காகிதமும் உலோகமும் உரசும் அந்தச் சத்தத்துக்கு எல்லோருடைய வாயும் அடங்கும். எடுப்பது நான். விரலுக்குச் சில மடிப்புகள் பரிச்சயம் ஆகிவிடும் என்பதால் மாதாமாதம் புதிதாக எழுதுவாள். பெயர் வந்தவளின் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவாள், அது திரும்பச் சொம்புக்குள் போகாது. எண் திரும்ப வரக் கூடாது என்ற கணக்கை நான் முதலில் பார்த்தது நோட்டில் அல்ல, அந்தக் கிழிந்த காலண்டர் தாளில். முன்னால் எடுத்தவள் கடன் வாங்கியவள் மாதிரி, பின்னால் எடுப்பவள் சேமித்தவள் மாதிரி. கடைசியாக எடுப்பவள் ஆயிரத்து இருநூறையும் தானே கட்டி, பதினோரு மாதம் மற்றவர்களுடைய தேவையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பணத்தையே வாங்கிக்கொண்டு போகிறவள். ஒரு வருஷம் அது எதிர் வீட்டுப் பூக்கார அக்காவுக்கு வாய்த்தது. மாதாமாதம் வந்து சொம்பைப் பார்த்துவிட்டு, உதிரிப் பூவை முந்தானையில் கட்டிக்கொண்டு போவாள். பன்னிரண்டாம் மாதம் மிச்சம் அவள் ஒருத்திதான். அம்மா வழக்கம் போல் சீட்டு எழுதினாள். மடித்தாள். அந்த ஒற்றைச் சீட்டைச் சொம்பில் போட்டுக் குலுக்கினாள். பதினொரு சீட்டு குலுங்கும் சத்தம் அல்ல அது. ஒரு தாள் மட்டும் சுவரில் மோதி மோதித் திரும்புகிற, கிட்டத்தட்டச் சத்தமே இல்லாத சத்தம். “எதுக்கும்மா குலுக்குற, அக்கா பேருதான இருக்கு?” என்றேன். “குலுக்காமக் குடுத்தா மீதியக் குடுத்த மாதிரி ஆயிடும்டி. எடு” என்றாள்.

எடுத்தேன், படித்தேன், அக்கா சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கணக்கு ஒரு பதில் சொல்கிறது, அது சரியான பதிலும்கூட. சரியாகக் குலுக்கிய பலகையில் கடைசிக் கட்டத்தில் 17 விழ இருபத்தைந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் கட்டத்துக்கும் அதேதான், ஒரு துளியும் குறையவில்லை. நிரம்பிய பலகையைப் பார்ப்பவருக்கு எது முதலில் விழுந்தது, எது கடைசியில் மிஞ்சியது என்பதே தெரியாது. பின்னாலிருந்து படித்தால் முதல் கட்டம்தான் மிச்சம். கூடவே நின்று ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்தவருக்கு மட்டுமே கடைசி எண்ணுக்குச் சுதந்திரம் இல்லை. அதாவது அவளுக்கும், குழாய்ச் சொட்டுப் பையனுக்கும், எனக்கும். முதல் குலுக்கலில் சொம்பின் முன் நிற்கும்போது பூக்கார அக்காவுக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு மாதமும் வந்து பார்த்துவிட்டுப் போனதால்தான் அவள் கடைசி ஆனாள். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் இன்னொரு ‘சரி மேடம்’தான் கிடைத்திருக்குமோ என்னவோ. கூடவே நின்று பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு வழி எங்கே இருக்கிறது? பலகையை முழுசாகப் பார்க்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

குலுக்கல் வழியில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. இடங்களை 0-விலிருந்து எண்ணுவதால், 24-லிருந்து இறங்கி வரும் சுழற்சி 1-இல் நின்றுவிட வேண்டும், 0 வரை போகத் தேவையில்லை. அந்த இடத்துக்கு வரும்போது மாற்றிக்கொள்ள ஆள் இல்லை, அவருக்கு அவரேதான். சில பிள்ளைகள் ‘பூஜ்யத்தைவிடப் பெரிது’ என்று எழுதாமல் ‘பூஜ்யம் அல்லது அதைவிடப் பெரிது’ என்று எழுதிவிடுவார்கள். பலகை கெடாது. இயந்திரம் இன்னும் ஒருமுறை ராண்டைக் கூப்பிடும், அது ஏதோ கோடிக்கணக்கில் ஓர் எண்ணைக் கொண்டுவந்து கொடுக்கும், அதை 1-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கும். எதை 1-ஆல் வகுத்தாலும் மீதி பூஜ்யம். தன்னைத் தானே இடம் மாற்றிக்கொண்டு அந்த எண் நின்ற இடத்திலேயே நிற்கும். வீண் வேலை என்று சிவப்பு மையால் சுழித்து, அரை மதிப்பெண் குறைத்து, பக்கத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதுவேன். என் கடைசி ஆண்டுத் தேர்வில் ஒரு தாளில் அதே வரி வந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காதில் சொம்பு குலுங்கியது. முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.